பக்கத்து வரிசைக்காரர்

ஆர்வின்,
செப்டம்பர் 10

என் வெட்டுக்கிளிக்கு,

மாதா உன்னை ஒரு கண்ணாலாவது பார்த்துக்கொள்ளட்டும். சளி விட்டதா? அங்கே கடல் காற்று, மூடுபனி என்கிறாய். தலைக்குத் துணி கட்டிக்கொள். நான் சுகம். முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. அது பழைய சொந்தக்காரி, சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும்.

போன் வேண்டாம், கடிதம் எழுது என்று நான்தான் சொன்னேன். மெலித்தோன் தன் கொல்லையில் நிறுத்தியிருக்கும் இந்த டிரெய்லர் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது என்று சொன்னால் சுவரே சிரிக்கும். அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி செலா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் மூன்றாம் வகுப்புக்காரி. பிழை இருந்தால் சிவப்பு மையை எடுக்காதே.

அப்பா போய் ஐம்பத்து மூன்று நாள் ஆயிற்று. நான் திராட்சைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது தோட்டத்துக்குச் சக்கரம் வைத்த நிழல் கூடாரம் வந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் வந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து ஒரு சீமாட்டி வந்து ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். அட்டையில் சூரியன் படம். சூரியன் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது.

"தலை சுத்தினா உடனே கங்காணிகிட்ட சொல்லணும், சரியா?" என்றாள்.

"கங்காணிக்கே தலை சுத்தினா யார்கிட்ட சொல்றதுங்க?" என்று பின்னாலிருந்து கிழவன் பாஸ்குவால் கேட்டான். கங்காணி நம் மெலித்தோன்தானே, எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் திராட்சையைப் பார்த்தான்.

மாணவர் கூட்டத்தில் அப்பாவைப் பற்றிப் பேசினாயாம், கை தட்டினார்களாம். எதற்குத் தட்டினார்கள், அவர் செத்ததற்கா, நீ பேசியதற்கா? இப்போது அவர் தொப்பியையும் கேட்கிறாய். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவா? தொப்பிப் பட்டையில் அவர் வியர்வை உப்பாகப் பூத்திருக்கிறது. படித்தவர்கள் குனிந்து குனிந்து பார்க்க வேண்டாம். தரமாட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். நான் கிழக்குப் பக்கத் தோட்டத்தில் இருந்தேன். எல்லாம் மெலித்தோன்தான் பேசினான். எனக்கு ஒன்றும் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா, தொமித்திலா


செப்டம்பர் 26

அம்மாவுக்கு,

உன் ஆசி வேண்டும். சளி போய்விட்டது, அறைத்தோழியிடம் ஒப்படைத்துவிட்டேன். முழங்காலுக்கு மருந்து அனுப்புகிறேன். தடவு, அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

தொப்பி வேண்டாம். நீ சொன்னது சரி. கை தட்டியபோது எனக்கும் உடம்பு கூசியது. இங்கே எல்லாரும் தோட்டத் தொழிலாளியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். தோட்டத்தில் அம்மா இருப்பவள் நான் ஒருத்திதான். பேராசிரியர், "உனக்கு ரொம்ப நெருக்கமில்லாத விஷயமா எடும்மா" என்றார். நெருக்கமில்லாத விஷயம் படிக்கவா நம் குடும்பத்திலேயே முதல் ஆளாக இங்கே வந்தேன்?

கம்பெனி வக்கீலின் பதில் வந்தது. ஒரே வரி. கிரெசென்சியோ பவுத்திஸ்தா என்ற பெயரில் எங்களிடம் யாரும் வேலை செய்ததே இல்லையாம். உண்மைதானே! எட்டு வருடம் அப்பா அங்கே அபுந்தியோ சவாலா. மெக்சிகோவுக்குத் திரும்பிப்போன தன் மருமகனின் வேலை அட்டையை மெலித்தோன், காகிதம் இல்லாத அப்பாவுக்கு வாடகைக்கு விட்டான். வீட்டுக்கு வாடகை, பெயருக்கும் வாடகை. என் ஞானத்தகப்பன்! அந்த உறவைச் சொல்லித்தான் உன்னைக் கோமாத்ரே என்றும் அப்பாவைக் கொம்பாத்ரே என்றும் வாய் நிறையக் கூப்பிட்டான். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என் தலையைத் தாங்கிய கை அது. நினைத்தால் தலையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

தாய்மாமன் என்று கையெழுத்துப் போட்டு மெலித்தோனே உடலை வாங்கிப் புதைத்துவிட்டான். அப்பா கல்லறையில் குத்திய தகரத்தில், ஊரில் ஆடு மேய்க்கும் அந்த மருமகன் பெயர் இருக்கிறது. சவாலா, கல்யாணம் ஆகாதவர், குடும்பம் இல்லாதவர். நீயும் இல்லை, நானும் இல்லை.

எனக்கு அப்பாவின் பெயர் திரும்ப வேண்டும். கல்லறையிலும் வேண்டும், கம்பெனிப் பதிவிலும் வேண்டும். வேறு எதற்காகவும் நான் படிக்கவில்லை. தொழிலாளர் துறைக்கு மனு போட்டுவிட்டேன். ஆம்புலன்ஸ் அறிக்கையையும் கேட்டிருக்கிறேன்.

யரேலி


ஆர்வின்,
நவம்பர் 4

வெட்டுக்கிளிக்கு,

பரீட்சை நன்றாக எழுதினாயா? மருந்து தடவினேன், நாற்றம் தாங்காமல் வலி வாசல் வரைக்கும் போயிருக்கிறது. மற்றபடி சுகம்.

இறந்தோர் நாளுக்கு நீ வரவில்லை. நான் சாமந்தி வாங்கி, படத்துக்கு முன்னால் மோலே குழம்பும் பீரும் ஒரு சிகரெட்டும் வைத்தேன். செலா வந்தாள். கையில் சர்க்கரை மண்டையோடு. நெற்றியில் ரோஸ் நிறத்தில் எழுதியிருக்கிறது, அபுந்தியோ என்று!

"கோமாத்ரே, கடைக்காரன் பேரு கேட்டான். கல்லறைல இருக்கறதையே சொல்லிட்டேன். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னு."

"நல்லதாப் போச்சு செலா. அபுந்தியோ உசிரோடதான் இருக்கான். தபால்ல போட்டுவிடு, இனிப்புன்னா அவனுக்குக் கொள்ளை ஆசை."

"சாவு வீட்ல என்ன பேச்சு இது?"

"இது சாவு வீடா? குடும்பமே இல்லாத ஆளுன்னு உம் புருஷன் எழுதிக் குடுத்தானே, அப்ப இது யார் வீடு?"

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள். அந்த மண்டையோட்டைக் காப்பியில் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டேன். வாயெல்லாம் திகட்டல். செலாவின் அன்பு எப்போதும் அப்படித்தான்.

மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் முழித்தேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்? எட்டு வருடம் தோட்டத்தில் நான் அவரை "சவாலா" என்றுதானே கூப்பிட்டேன். சவாலாவுக்குப் பெண்டாட்டி கிடையாது, அதனால் சாப்பாட்டு நேரத்தில் தள்ளித்தான் உட்காருவோம். உங்கப்பா சும்மா இருப்பாரா?

"அம்மணி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்பார்.

"ஆயிருச்சுங்க. வீட்ல ஒரு சோம்பேறி கெடக்கு."

"அவனை விட்டுட்டு எங்கூட வந்துருங்களேன்."

"உங்களை யாருன்னே தெரியாதுங்க. நீங்க வெறும் பக்கத்து வரிசைக்காரர்."

பாஸ்குவாலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அந்தச் சவாலாப் பய உன்னை ஒரு மாதிரி பாக்கறான்டி, சூதானமா இரு" என்பார். தோட்டத்தில் நீங்க, வீட்டில் நீ. அப்படி ஓட்டினோம்.

கடைசியில் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி செஞ்சோ என்றே கூப்பிட்டேன். சுடர் அசையவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வா.

அம்மா


ஜனவரி 24

அம்மாவுக்கு,

உன் ஆசி வேண்டும். நீ கட்டிக் கொடுத்த தமாலேயை அறைத்தோழி இலையோடு கடித்தாள். அவள் உயிரோடு இருக்கிறாள். உன் முழங்கால் எப்படி?

ஆம்புலன்ஸ் அறிக்கை வந்துவிட்டது. அப்பா பதினொரு மணிக்கு விழுந்தார் என்று அடக்கத்தன்று மெலித்தோனே சொன்னான். அழைப்பு போனது பதினொன்று நாற்பதுக்கு. ஒரு மனிதன் எந்தப் பெயரில் சாக வேண்டும் என்று முடிவு செய்ய அவனுக்கு நாற்பது நிமிடம் தேவைப்பட்டிருக்கிறது.

அதைவிட மோசம் கீழே இருக்கிறது. வரிக்கு வரி எழுதுகிறேன்.

"நோயாளியின் அருகில் ஒரு பெண் தொழிலாளி மட்டும் இருந்தார், வயது நாற்பதுக்கு மேல். நோயாளியின் பெயர் அபுந்தியோ சவாலா என்று கூறினார். தனக்கு உறவில்லை, அருகில் வேலை செய்பவர் என்று கூறினார். குடும்பம் பற்றித் தெரியாது என்று கூறினார். வண்டியில் உடன் யாரும் ஏறவில்லை."

யார் அந்தப் பெண்? மெலித்தோன் எறிந்த எலும்புக்கு வாலாட்டிய அந்த நாய் யார்? செலாவா? கம்பெனி வக்கீல் இந்த நாலு வரியைத்தான் பிடித்துத் தொங்குகிறான். அவள் வந்து நான் பொய் சொன்னேன் என்று சொன்னால் போதும், அவன் கதை சரிந்துவிடும். நீ கிழக்குத் தோட்டத்தில் இருந்தாலும் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்களே. விசாரித்து எழுது.

யரேலி


மார்ச் 2

அம்மாவுக்கு,

சுகமா? கடிதம் கிடைத்ததா? ஐந்து வாரம் ஆகிறது. நேற்று போனில் மழை பெய்ததைச் சொன்னாய், கோழி விலை சொன்னாய், செலாவின் நாய் குட்டி போட்டதைச் சொன்னாய். நான் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. சுவர்தான் காரணம் என்றால் எழுது.

யரேலி


ஆர்வின்,
மார்ச் 29

வெட்டுக்கிளிக்கு,

மாதா துணை. உடம்பு எப்படி இருக்கிறது? கொடி கட்டும் வேலை, விரல் மடங்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

மெலித்தோன் வந்தான். என்றைக்கும் இல்லாமல் தொப்பியைக் கழற்றினான். உள்ளே இருப்பது அவ்வளவுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கோமாத்ரே, கொம்பாத்ரேவுக்குக் கல்லு வச்சுத் தர்றேன். பளிங்குக் கல்லு."

"என்ன பேரு வெட்டுவே?"

"இருக்கற பேருதான்."

"பொய் சொல்லப் பளிங்கு எதுக்கு? தகரமே நல்லாச் சொல்லுதே."

"ஒம் பொண்ணுகிட்ட சொல்லி வை. விசாரணை கிசாரணைன்னா மிக்ரா போலீசு காகிதம் கேட்டு வந்து நிப்பான். அவ இங்க பொறந்தவ, காகிதம் இருக்கு. வண்டில ஏத்தறது உன்னைத்தான். இந்த வீட்டையும் நான் வேற ஆளுக்கு விடவேண்டி வரும்."

உன்னைத் தூக்கிக் கொஞ்சியவன் வாய் அது. நான் தரையைப் பெருக்க ஆரம்பித்தேன். அவன் நின்ற இடத்தையும் சேர்த்துப் பெருக்கினேன். போய்விட்டான்.

அந்தப் பெண்ணைத் தேடாதே. பயந்தவளாக இருப்பாள். பயந்துபோனால் வாய் என்ன பேசுகிறது என்று காதுக்கே தெரியாது.

அம்மா


ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

சுகம். உன் சுகத்தையும் விரும்புகிறேன்.

பயமாம்! யாருக்கு இல்லை பயம்? நான் இந்த வகுப்பில் வாய் திறக்கும் முன்னால் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். உனக்கு மெலித்தோனைப் பார்த்தால் பயம், இருந்தும் அவன் காலடியைப் பெருக்கித் தள்ளினாய். அவளுக்கு மட்டும் என்ன தனிப் பயம்? நீ ஏன் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறாய்?

மே 14 அன்று பேக்கர்ஸ்ஃபீல்டில் விசாரணை. சாட்சி இல்லாவிட்டால் அன்றோடு மூடிவிடுவார்கள், அப்பா என்றென்றைக்கும் சவாலாதான். அப்பா அந்த வண்டியில் தனியாகப் போனார், அம்மா. பாதி வழியில் தனியாகச் செத்தார். கையைப் பிடிக்க ஆள் இல்லை. அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் உன்னைக் கூப்பிட்டு ஏற்றியிருப்பார்கள். அந்த நாக்கு அழுகட்டும்.

யரேலி


ஆர்வின்,
ஏப்ரல் 28

யரேலிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று வாய் இல்லை.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். அவள் பெயர் தொமித்திலா. அகல முகம், கீழே ஒரு பல் இல்லை, படிப்பு மூன்றாம் வகுப்பு. நீ சபித்த நாக்கு அவள் வாயில்தான் இருக்கிறது. இன்னும் அழுகவில்லை, அதில் காப்பிகூடக் குடிக்கிறாள்.

நான் கிழக்குத் தோட்டத்தில் இல்லை. அவருக்குப் பக்கத்து வரிசையில் இருந்தேன். நூற்றெட்டு டிகிரி. தண்ணீர் டிரம் பத்து மணிக்கே காலி. "தலை கனமா இருக்கு" என்றார். "இந்த வரிசையை முடிச்சிட்டுப் போ" என்றான் மெலித்தோன். முடித்தார். கொடியைப் பிடித்துக்கொண்டே மண்டி போட்டார், பிறகு சாய்ந்தார். நான் என் கழுத்துத் துணியால் விசிறினேன். "கூப்பிடு, கூப்பிடு" என்று கத்தினேன். மெலித்தோன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். கடைசியில் அழைத்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னான்.

"கோமாத்ரே, பேரு கேட்டா சவாலான்னு சொல்லு. பொண்டாட்டின்னு சொல்லிராதே. ரெண்டு பேர் காகிதமும் வெளிய வந்துரும், நாளைக்கே ஒங்களை எல்லைல எறக்கிருவான். ஆஸ்பத்திரில குளுக்கோஸ் போட்டா எந்திரிச்சிருவாரு. சாயங்காலம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு வேலியோரம் போய்த் தள்ளி நின்றுகொண்டான்.

ஆம்புலன்ஸில் வந்தவன் நம் பாஷையைக் கல் மெல்லுவது போலப் பேசினான். ஆனால் புரிந்தது.

"இவரு பேரு?"

"அபுந்தியோ சவாலா."

"நீங்க அவருக்கு யாரு?"

"யாருமில்லைங்க. பக்கத்து வரிசை."

"குடும்பம்?"

"தெரியாதுங்க."

"யாராவது கூட வர்றீங்களா?"

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு கேட்டான். ஒரு எட்டு வைத்தால் ஏறியிருக்கலாம். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். கதவை மூடினான். நான் மறுபடி வரிசைக்குப் போய் ஒரு பெட்டி திராட்சை நிரப்பினேன். அதையும் தெரிந்துகொள். ஒரு பெட்டி நிரப்பினேன்.

மெலித்தோனைத் துப்புகிறேன், செலாவைத் துப்புகிறேன், கம்பெனியைத் துப்புகிறேன். எல்லாம் சுற்றி வந்து என் முகத்தில்தான் விழுகிறது.

மே 14-க்கு நான் வருகிறேன். நீ வர வேண்டாம் என்றாலும் வருவேன்.

தொமித்திலா


மே 4

அம்மா,

பேருந்துச் சீட்டு உள்ளே இருக்கிறது. காலை ஆறு ஐம்பதுக்கு.

அந்த அறிக்கையை ஜனவரியில் மூன்று தடவை படித்தேன். பக்கத்து வரிசைக்காரர் என்று நீ எழுதிய நவம்பர்க் கடிதமும் மேசைமேல்தான் இருந்தது. நாலாவது தடவை படித்தால் தெரிந்துவிடும் என்று பயந்து மூடி வைத்தேன். பயந்தவளைப் பற்றி நான் நிறைய எழுதிவிட்டேன்.

உனக்கும் காகிதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் பக்கத்தில் வக்கீல் உட்காருவார், இந்தப் பக்கம் நான். விசாரணைக்கு வருகிறவரைப் பிடிக்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததையெல்லாம் செய்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

எனக்கு எழுதியதை அப்படியே சொல். திராட்சைப் பெட்டியையும் சொல். உன்னை மன்னித்தேனா என்று இப்போது கேட்காதே. சாப்பிட்டுவிட்டு வா.

யரேலி


லமோன்ட்,
மே 19

என் செஞ்சோவுக்கு,

நீ சுகமா என்று எழுதிவிட்டு அடித்தேன். பழக்கம். நீ வடக்கே வந்து நான் ஊரில் இருந்தபோது எழுதின கை, அதுவாக எழுதிவிடுகிறது.

விசாரணை முடிந்தது. கம்பெனி வக்கீலுக்கு நம் பாதிரியார் வயசு இருக்கும், சாக்லேட் நிறக் கோட்டு. "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எது பொய்?" என்றான்.

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய். அது உங்க கம்பெனில சொல்லிக் குடுத்த பொய், அதான் நல்லாப் பாடமாயிருந்துச்சு" என்றேன்.

"நீங்க அவரோட சம்சாரம்னு எப்படி நம்பறது? பதிவுல அவரு தனி ஆளு."

அப்போது உன் சிநேகிதன் பாஸ்குவால் எழுந்தான். அவனுக்கும் காகிதம் கிடையாது. "எட்டு வருசமா சாப்பாட்டு நேரத்துல இந்தாளு இந்தம்மாவைப் பொண்ணு கேப்பானுங்க" என்று ஆரம்பித்து, சோம்பேறி, பக்கத்து வரிசைக்காரர் என்று உன் குரலும் என் குரலும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினான். மொழிபெயர்க்கிற பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். "ஊர்ல அத்தனை பேருக்கும் தெரியும் சாமி. கம்பெனிக்கு மட்டும்தான் தெரியாது" என்று முடித்தான். அதிகாரி எழுதிக்கொண்டார். உன் பெயரில் பதிவைத் திறக்க உத்தரவு போட்டிருக்கிறார். கிரெசென்சியோ பவுத்திஸ்தா, மணமானவர், ஒரு மகள். யரேலி அதைச் சத்தமாகப் படித்தாள், கடைசி வார்த்தையை இரண்டு தடவை படித்தாள்.

அன்றைக்கே மெலித்தோன் என் பாத்திரத்தையெல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டான். டிரெய்லரைக் கழுவித்தான் கொடுத்தேன். இப்போது லமோன்ட்டில் பாஸ்குவாலின் தங்கை வீட்டில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். மிக்ரா இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும், என் பெயரைச் சரியாகச் சொல்லுவேன்.

நேற்று உன் மகள் கல்லறைக்கு வந்தாள். தகரத்தைப் பிடுங்கிவிட்டு ஒரு பலகையில் கறுப்பு வர்ணத்தால் உன் பெயரை எழுதி நட்டோம். ஈரத்தில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டது. அவள் என் கையைப் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பும்போது என் முழங்காலுக்காக மெதுவாக நடந்தாள்.

ஒன்றை மட்டும் நான் விசாரணையில் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. அவர்கள் உன்னை வண்டியில் ஏற்றும்போது உன் கண் பாதி திறந்திருந்தது. "பக்கத்து வரிசை" என்று நான் சொன்னதும் உன் உதட்டோரம் லேசாக இழுத்தது.

செஞ்சோ, நம் பழைய விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாயா, இல்லை உன் பெண்டாட்டி உன்னை விட்டுவிட்டாள் என்று தெரிந்துதான் போனாயா?